பின்சக்கரத்துச் சத்தம்

"துளி சத்தம் இருக்கக் கூடாது தம்பி. வண்டி வர்றதே யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் நர்சரிக்காரர், காலையில் பட்டறை திறந்ததும் திறக்காததுமாக.

மெக்கானிக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷத்துப் பழைய பிக்கப். ஒரு வருஷமாகப் பின்னாலிருந்து 'உய்ங்' என்று ஊளையிட்டபடியே செடிகளையும் தொட்டிகளையும் சுமக்கிறது. "விட்டுட்டுப் போங்கய்யா, பார்த்துடறேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அப்போதெல்லாம் "அது பாட்டுக்கு ஓடுது" என்றவருக்கு, இன்றைக்கு என்ன அவசரம்?

அவர் அப்படித்தான். சொன்னால் சொன்னதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே மகள் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள். "எனக்கு மகளே கிடையாது" என்றார். அதோடு சரி. அவள் மூணு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். குழந்தை பிறந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. கல் நெஞ்சுக்காரர் என்று எல்லோரும் பேசினார்கள். மெக்கானிக்கும் பேசியவர்தான்.

"ஓட்டுங்க, கேட்கிறேன்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வேகம் கூடக்கூட ஊளையும் கூடியது. நியூட்ரலில் விடச் சொன்னார். அப்போதும் நிற்கவில்லை. வண்டியை இடது பக்கம் வளைத்தபோது பாரம் வலது சக்கரத்தில் சாய்ந்து, சத்தம் இன்னும் ஏறியது.

"எஞ்சின் இல்ல, கிரவுன் பல்சக்கரமும் இல்ல. வலது பின்சக்கரத்து பேரிங் போயிடுச்சு. திருப்புங்க, பட்டறைக்குப் போகலாம்."

வந்த வழியில் திரும்பாமல், குறுகலான ஒரு தெருவுக்குள் விட்டார் நர்சரிக்காரர். பாதித் தெருவில் வண்டி நடைவேகத்துக்கு வந்தது.

"ஏங்கய்யா மெதுவா போறீங்க?"

"பள்ளம்."

பள்ளம் எதுவும் இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு சன்னல்தான் இருந்தது. அதன் கட்டையில் மூணு வயசுப் பெண் குழந்தை, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் உதட்டைக் குவித்து, "உய்ங்ங்" என்றது.

நர்சரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தார்.

தெருமுனை தாண்டிய பிறகு அவராகவே சொன்னார். "தினம் காலையில இந்த வழியாத்தான் போறேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுவேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்ப ஒரு வாரமா குழந்தை வண்டிச் சத்தத்தைப் பழகிக்கிச்சு. நாளைக்கு அவங்கம்மாகிட்ட போய்ச் சொல்லாதா?"

"சொன்னா என்னங்கய்யா? ஒரு தடவை இறங்கிப் போய்க் கதவைத் தட்டுங்களேன்."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு?"



பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். கரகரவென்றது. ஆக்சிலை உருவினால், பேரிங் குண்டுகளெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாகக் கிடந்தன. சீல் கிழிந்து, பிரேக்கெல்லாம் ஆயில்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா ஆக்சிலோட சக்கரமே வெளியே வந்திருக்கும்" என்று திட்டிக்கொண்டே புது பேரிங், புது சீல் போட்டார். பிரேக்கையும் மாற்றினார்.

சாயங்காலம் வண்டி பூனை மாதிரி கிளம்பிப் போனது. ரொம்ப நாளைக்கப்புறம் நர்சரிக்காரர் சிரித்ததைப் பார்த்தார் மெக்கானிக்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். சிரிப்பைக் காணோம்.

"என்னங்கய்யா, மறுபடியும் சத்தமா?"

"சத்தமே இல்ல." கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "அந்தச் சன்னல் திறக்கவே மாட்டேங்குது தம்பி. நாலு நாளாச்சு. இன்னைக்கு வண்டியை நிறுத்திக்கூடப் பார்த்துட்டேன். குழந்தைக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையோ, வீடு கீடு மாத்திட்டாங்களோ, ஒண்ணும் புரியல. நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

கதவைத் திறந்தது மகள்தான். உள்ளே குழந்தை தரையில் டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. நோய் நொடி ஒன்றும் தெரியவில்லை. இவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"அண்ணே, நானே உங்க பட்டறைக்கு வரணும்னு இருந்தேன். அப்பா நல்லா இருக்காரா? நாலு நாளா வண்டிச் சத்தமே கேட்கலையே."

"நல்லா இருக்காரும்மா. தினமும் இந்தப் பக்கம் வர்றாரு. சத்தத்தைத்தான் நான் எடுத்துட்டேன்." பச்சைச் சன்னலைப் பார்த்தார். "அதை ஏம்மா இப்பல்லாம் மூடியே வெச்சிருக்கே?"

"அது எப்பவுமே மூடித்தாண்ணே இருக்கும். ஒரே ரோட்டுப் புழுதி."

அவள் குரல் தாழ்ந்தது.

"நான் வாசல்ல நின்னா அப்பா அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வர மாட்டாரு. அதான், முனையில சத்தம் கேட்டதும் சன்னலைத் திறந்து இவளை அதுல உட்கார வெச்சுட்டு, நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுக்குவேன்."