ஓர்லாவுக்குக் காய்ச்சல்

உடன் பணிபுரியும் ஆசிரியை மிக்யோங் வீட்டு விருந்துக்கு அழைத்தபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, தென்கொரியாவின் பூசான் நகரில் இருக்கும் சக அயர்லாந்துத் தோழிகளோடு கரோக்கி பாடப் போய்விட்டாள் ஓர்லா.

பாடிக் களைத்துக் கைபேசியை எடுத்தால், மிக்யோங் பலமுறை அழைத்திருந்தாள்.

“நாளைக்குச் சமாளிச்சுக்கலாம்டி, நீ பாடு!” என்றாள் தோழி ஷிவான்.

ஓர்லாவுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து மிக்யோங்கைக் கூப்பிட்டாள்.

“அக்கா, மன்னிச்சிடுங்க. காய்ச்சல்னு சொன்னது பொய். ஃபிரெண்ட்ஸோட வெளிய வந்திருக்கேன்.”

மறுமுனையில் விசும்பல். “அப்பாடா! நல்லாத்தான் இருக்கியா?”

“கோபம் இல்லையாக்கா?”

“உன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். எவ்வளவு தட்டியும் நீ திறக்கல. பயந்துபோய்த் தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டு, கதவை உடைக்க வச்சுட்டேன். நீ மெதுவா வாம்மா. அதுவரைக்கும் வாசல்ல நான் காவலுக்கு உக்காந்திருக்கேன்.”