மர வாத்து

லூசியானா சதுப்புநீரில் ஒரு காட்டு வாத்து கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடித்தது. வேட்டைப் படகு நெருங்கியும் பறக்கவில்லை.

“நோய் மச்சான், தொடாதீங்க” என்றான் ஓவிட்.

அல்சீடுக்கு எரிச்சல். தங்கையை இந்தத் தொடைநடுங்கிக்குக் கட்டிக்கொடுத்ததே தப்பு.

“கம்போ குழம்புல கொதிச்சா எந்த நோய்டா நிக்கும்? விட்டா என் மர வாத்துக்கும் காய்ச்சல்னு சொல்லுவே!”

வாத்தை வெறுங்கையால் பிடித்துக் கழுத்தைத் திருகிப் படகில் போட்டான்.

பறவைகளை ஏமாற்றி இறக்கக் கயிறு கட்டி மிதக்கவிட்டிருந்த மர வாத்துகளை எடுக்கப் போனார்கள். எல்லாமே அல்சீடு நேர்க்கழுத்தாகச் செதுக்கியவை. காற்றே இல்லை. ஒன்று மட்டும் கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடித்தது.

“கயிறு சிக்கியிருக்கும், பயந்து சாகாதே” என்று அல்சீடு அதைத் தூக்கினான்.

காலையெல்லாம் பனித்தண்ணீரில் கிடந்த மரம், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.