துரை உள்ளே வரும் நேரம்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் பெண் சமத்துவக் கூட்டம் நடக்கிறது. மேடையில் நான்கு ஆண்கள் அமர்ந்து பெண்களுக்காகக் கவலைப்படுகிறார்கள். குத்துவிளக்கின் எல்லாத் திரிகளையும் அவர்களே ஏற்றி முடித்துவிட்டார்கள். தகரக் கூரையில் மழை இரைகிறது. கொழும்பிலிருந்து வந்த மேடம், முன்வரிசையில் இருக்கும் கொழுந்து பறிக்கும் ஜீவராணியை எழுப்பி, கையில் மைக்கைக் கொடுத்து, "பயப்படாம பேசுங்க" என்கிறார். பயம் வாசலிலேயே கறுப்புக் குடையோடு நிற்கிறது. கூட்டத்தில் வாயைத் திறப்பவளுக்கு நாளை முதல் அட்டை மொய்க்கும் செங்குத்து மலையில்தான் கொழுந்து என்று அந்தக் குடைக்காரர், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே சொல்லிவிட்டார். ஜீவராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். "கொழுந்து மலையில எங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லீங்க. பொழுதுக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம். தண்ணி குடிக்கவே பயமா இருக்கு." பின்வரிசையில் அழகம்மா பக்கத்தில் இருப்பவளின் காதைக் கடிக்கிறாள்: "சொல்லிப்புட்டா. இனி அட்டைக்கு விருந்துதான்."

கண்டாக்கையாவின் குடை நுனி தரையைத் தட்டுகிறது. அந்நேரம் பார்த்து, தாமதமாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை உள்ளே வருகிறார். காலங்காலமான பழக்கம்; கூடமே எழுந்து நிற்கிறது. எல்லோரையும் முந்திக்கொண்டு எழுந்தவர் சமத்துவ மேடம்தான். துரை புன்னகைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்கிறார். மேடம் அமர்கிறார், மேடைக்காரர்கள் அமர்கிறார்கள். ஒருவர் ஜீவராணியிடம் மைக்குக்காகக் கையை நீட்டுகிறார். அவள் விரல்கள் அதை இறுக்குகின்றன. "கக்கூஸ் எப்ப கட்டுவீங்கன்னு சொல்லுங்க தொரை, உக்காந்துக்கிறோம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயந்து, பின்னால் மற்றப் பெண்கள் உட்காரும் நாற்காலிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறாள். மழை மட்டும்தான் கேட்கிறது.