எதிர்ச்சரிவில் கரடி

"சத்தம் போடாதீங்க! அதோ, எதிர்ச்சரிவுல பாருங்க!"

வழிகாட்டி ரொசாவுரா கை நீட்டிய பக்கம், பள்ளத்தாக்குக்கு அப்பால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஆண்டிஸ் கரடி பனிமூட்டத்துக்குள் மெல்ல எழுந்து நின்றது. மலையேறி வந்த ஏழு பேரும் அவசர அவசரமாகப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

நாலு வருடமாக அந்தச் சின்ன மலையூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தக் கரடிதான். "காட்டையே வெட்டின பிறகு ஏதுடி கரடி? எல்லாம் ஏமாத்து வேலை" என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக, கூடப் பிறந்த அக்கா அம்பாரோவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள் ரொசாவுரா. கரடி நல்லா இருக்கணும் என்று மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றுவாள்.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க." பெரிய கேமராவோடு வந்திருந்த கிழவர், தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "முன்னங்கால்ல இது என்னது?"

பார்த்தாள். கறுப்பு ரோமத்துக்கு நடுவே, சிவப்புப் பட்டை போட்ட கைக்கடிகாரம். போன கல்யாண நாளுக்கு அவளே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது.

"அது... வனத்துறைக்காரங்க கட்டின பட்டை, ஐயா." வாழ்க்கையில் முதல்முறையாகக் கரடியைப் பற்றிப் பொய் சொன்னாள்.

வீட்டில் அவள் கணவன் ஒல்மேதோ உருளைக்கிழங்கு சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். "என்ன ரோசா, இன்னைக்குக் கரடி வந்துச்சா?" நாலு வருடமாகக் கேட்கும் அதே ஆசையோடு கேட்டான்.

"வந்துச்சு" என்றாள். "மணி பார்த்துச்சு. சமையலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுச்சு."