தேவனின் குரலுக்கு ஒரு பேட்டரி

குனோங் ராபாட் ஊரில் மழை விட்டிருக்கிறது. சுண்ணாம்பு மலையில் பட்டுத் திரும்பும் மாலை வெயில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடி மேசையில் வந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் டார்ச் லைட் போன்ற ஒரு பழைய கருவி திறந்து கிடக்கிறது. புற்றுநோய்க்குக் குரல்வளையைக் கொடுத்துவிட்ட தேவன் அதை வைத்துத்தான் பேசுகிறார். கழுத்தில் அழுத்தினால் அது அதிரும். அவருடைய உதடசைவு சொல்லாகும். ஒரு வாரமாக அதில் உயிரில்லை. அதற்கான பேட்டரி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. "புதுசு வாங்கிடலாமே அக்கா?" என்கிறாள் கடைக்காரி பிரமிளா. "ஆஸ்பத்திரியில புதுசு ஒன்னு குடுத்துப் பாத்தாங்க லா. வேற யாரோ வீட்டுக்குள்ள வந்து பேசுற மாதிரி இருக்கு," என்கிறாள் தேவனின் மனைவி தவமணி. பிரமிளா பழைய கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி ஒன்றின் பேட்டரியைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்றவைக்கிறாள். ஈயப்புகை சுருண்டு எழுகிறது. இடைவெளியில் மடித்த அட்டையைச் செருகுகிறாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. ரப்பர் வளையம் போட்டு, பக்கத்தில் நிற்கும் தேவனிடம் நீட்டுகிறாள். "மெதுவா அமுக்குங்க அண்ணே." தவமணி கண்ணை மூடிக் கைகூப்புகிறாள். தேவனின் கழுத்தடியில் வண்டு ஒன்று ரீங்கரிக்கத் தொடங்குகிறது. "பசிக்குது லா," என்கிறது அதே பழைய கரகரப்பு. "பேச்சு வந்ததும் சோறா கேக்குது? நான் இங்க சாமிய கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன்!" என்று தவமணி பாய்கிறாள். "ஒரு வாரமா நீ மட்டும்தான பேசுன? காதுதான் நெறஞ்சுச்சு, வயிறு நெறையல." பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தவமணியின் முகத்தில் கோபம் நிற்க மறுக்கிறது. ஆனாலும் புருவத்தை நெரித்துக்கொண்டு, இன்னொரு பதில் கேட்க வேண்டும் என்பதற்காகவே மறுபடியும் அவரைத் திட்டுகிறாள்.