பாயாத நண்டு

குளத்தங்கரைப் பள்ளிக்கும் மேட்டுப் பள்ளிக்கும் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம். சமமாக முடிந்தாலே கோப்பை குளத்தங்கரைக்குத்தான். முதல் பாதி முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மேட்டுப் பள்ளியின் இரண்டு கோலையும் கீரிதான் அடித்திருந்தது.

இரண்டுமே குளத்தங்கரைக்காகத் தடுப்பாட்டம் ஆடிய நண்டைத் தாண்டிப் போனவை. கீரி பந்தோடு வரும். நண்டு வீராப்பாக எதிரே பாயும். கீரி அதன் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டிவிட்டு ஓடிப்போய் எடுத்துக்கொள்ளும்.

"எட்டுக் கால் இருந்து என்னடா பிரயோஜனம்? அவனோட ஓடி உன்னால ஜெயிக்க முடியுமா?" என்றது கோல்கீப்பர் தவளை.

நண்டுக்குச் சுருக்கென்றது. இனி ஒரு கோல்கூட விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டது.

இரண்டாம் பாதியில் கீரி வந்தபோது நண்டு எதிரே போகவில்லை. கோலுக்கு முன்னாலேயே நின்று, கீரி போகும் பக்கமெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்தது. "பயந்தாங்கொள்ளி" என்று மைதானமே சிரித்தது. நண்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீரி தட்டிவிட்ட பந்தெல்லாம் நண்டின் காலடிக்கே வந்து சேர்ந்தது.

கடைசி நிமிடத்திலும் ஆட்டம் இரண்டுக்கு இரண்டுதான். கீரி மறுபடி வந்தது. பாதி வழியில் வேகம் குறைந்தது. பிறகு பந்தை மிதித்துக்கொண்டு நின்றேவிட்டது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது.

"தைரியம் இருந்தா எதிர்ல வாடா," என்றது.

"நீ வா," என்றது நண்டு. "நான் இங்கதான் இருக்கேன்."

கீரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள்.