சொட்டாத தண்ணீர்

எட்டு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வரும் கோவில்பட்டித் தெருவில், சங்கிலிப்பாண்டி கொடைக்கானலிலிருந்து பெரணிச்செடி வாங்கிவந்து வீட்டுக்குள் வைத்தான். மண் காயவே கூடாதாம். அவன் மனைவி ஆனந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கரிசல்ல பருத்தியே பனியக் குடிச்சு நிக்குது. இந்தச் சீமாட்டிக்குத் தெனமும் தண்ணியாக்கும்!”

ஒரு மாதம் அவள் சொட்டுக்கூட ஊற்றவில்லை. தொட்டிமண் வெடித்துப் பிளந்தது. இலைகளோ பசேலென்று ஈரத்தில் மினுங்கின.

“திருட்டுத்தனமா ஊத்துதீங்களா?”

“எங்கம்மா சத்தியமா இல்லட்டி.”

அவள் நம்பவில்லை. அன்று காலை தண்ணீர் பிடித்ததும் ஏழு குடங்களின் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டினாள். மதியமும் இலைகளில் ஈரம். ஆத்திரத்தில் செடியை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. ஒரு குடத்தின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தண்ணீர் இல்லை. காய்ந்த அடியில் பச்சைக் குருத்து ஒன்று சுருண்டிருந்தது.

மற்ற ஆறு துணிகளும் உள்ளிருந்து மெல்ல உப்பின.